நினைத்தபடி ரிசல்ட் வராவிட்டால் என்ன ஆகும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். முதுகலை உளவியல், கடைசி வருட ப்ராஜெக்ட். 'இசை கேட்டுக்கொண்டே படித்தால் நினைவாற்றல் அதிகரிக்கும்' என்று எழுதிக் கொடுத்தீர்கள். கைடு மூன்று குறிப்புகளோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்: இது கருதுகோள் (சோதித்துப் பார்க்கக்கூடிய கணிப்பு) ஆகாது, மாறிகளை (நீங்கள் மாற்றுவதையும் அளப்பதையும்) வரையறுக்கவில்லை, பக்கச்சார்பைக் கட்டுப்படுத்த என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதவில்லை. மூன்றுக்கும் விளக்கம் கேட்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், 'நான் நினைத்தபடி ரிசல்ட் வராவிட்டால் மார்க் போய்விடுமா?' என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் மூன்றுக்கும் விளக்கம் எந்த ஆய்வு முறையியல் புத்தகத்திலும் கிடைக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி வரிதான். குறிப்பிட்ட ஒரு ரிசல்ட் வரவேண்டும் என்ற ஆசை, ஆய்வைத் தொடங்கும் முன்பே உங்களுக்கு இருக்கிறது. தப்பில்லை, ஆய்வு செய்கிற எல்லோருக்கும் இருப்பதுதான். அந்த ஆசை ரிசல்ட்டுக்குள் எங்கெல்லாம் நுழையும், எப்படித் தடுக்கலாம் என்பதைத்தான் கைடு மூன்று விதமாகக் கேட்டிருக்கிறார். நினைவாற்றல் சோதனைகளை நடத்தியும், மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுத்தும் பல வருடம் ஆகிறது. அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கருதுகோளில் தொடங்குவோம். எந்த ரிசல்ட் வந்தால் உங்கள் வாக்கியத்தைக் கைவிடுவீர்கள்? யோசித்துப் பாருங்கள், பதில் கிடைக்காது. பாட்டுக் குழு அதிகச் சொற்களைச் சொன்னால் கருதுகோள் சரி. எண்ணிக்கை சமமாக இருந்து, பாட்டுக் குழு கொஞ்சம் வேகமாகச் சொல்லியிருந்தால் 'வேகமும் நினைவாற்றல்தானே' என்று சேர்த்துக்கொள்ளலாம். இரண்டுமே இல்லை, அடுத்த வாரம் கேட்டபோது ஒன்றிரண்டு சொல் கூடுதலாக ஞாபகம் இருந்தது என்றால் 'நீண்டகால நினைவில் பலன் தெரிகிறது' என்று எழுதலாம். எப்படி வந்தாலும் ஜெயிக்கிற வாக்கியத்தை வைத்துக்கொண்டு சோதனை எதற்கு? தோற்பதற்கு இடம்கொடுத்து எழுத வேண்டும். உதாரணமாக இப்படி: 'தமிழ்ப் பாட்டை ஹெட்போனில் கேட்டபடி இருபது சொற்களை மனப்பாடம் செய்பவர்கள், ஒலி இல்லாத ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே சொற்களை மனப்பாடம் செய்பவர்களைவிட, பத்து நிமிடம் கழித்துக் குறைவான சொற்களையே எழுதுவார்கள்.' என்ன செய்கிறோம், யாரோடு ஒப்பிடுகிறோம், எதை எண்ணுகிறோம், எப்போது எண்ணுகிறோம், வித்தியாசம் எந்தப் பக்கம் இருக்கும் எல்லாம் இதில் இருக்கிறது. வேறு மாதிரி வந்தால் தப்பிக்க வழியில்லை.

நான் 'குறைவான' என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் எழுதினேன். கருதுகோள் உங்கள் ஆசையிலிருந்து வரக்கூடாது, இதற்கு முன் செய்தவர்கள் கண்டதிலிருந்து வரவேண்டும். உளவியலாளர்கள் சலாமேவும் ஆலன் பேட்லியும் 1989-இல் வெளியிட்ட சோதனைகளில், திரையில் வரும் எண்களை வரிசை மாறாமல் நினைவில் வைக்கும் வேலையைப் பின்னணி இசை கெடுத்தது; இசைக்கருவிகள் மட்டும் உள்ள இசையைவிடக் குரலோடு பாடப்பட்ட இசை அதிகமாகக் கெடுத்தது. மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிற இடத்திலேயே பாட்டின் சொற்களும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன என்பது அவர்கள் விளக்கம். வரிசையாக எண்களைச் சொல்வது வேறு, பாடம் படிப்பது வேறு. அந்த முடிவை அப்படியே உங்கள் ஆய்வுக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. ஆனாலும், பாட்டு உதவும் என்று எதிர்பார்ப்பதைவிடத் தொந்தரவு செய்யும் என்று எதிர்பார்ப்பதற்கே கையில் ஆதாரம் இருக்கிறது. இல்லை, உதவும் என்றுதான் எழுதுவேன் என்றால் எழுதுங்கள், அதற்கும் ஒரு காரணம் காட்டுங்கள். 'எனக்கு அப்படித்தான் படிப்பு வருகிறது' என்பது காரணம் ஆகாது.

இன்மைக் கருதுகோள் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடவேண்டும். அதை நீட்ட வேண்டியதில்லை. இரண்டு நிலைக்கும் வித்தியாசமே இல்லை என்று எடுத்துக்கொண்டு, அப்படியிருந்தும் இந்த அளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடுகிறோம். அந்த வாய்ப்பு 0.05-க்குக் கீழே இருந்தால் இன்மைக் கருதுகோளை விலக்குகிறோம். உங்கள் கருதுகோள் 95 சதவீதம் உண்மை என்று அதற்கு அர்த்தமே கிடையாது. 'கருதுகோள் நிரூபிக்கப்பட்டது' என்று ஆய்வேட்டில் எழுதாதீர்கள். வைவாவில் வெளித்தேர்வாளர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்.

மாறிகளுக்கு வருவோம். நீங்கள் மாற்றுவது சாரா மாறி, அதனால் என்ன ஆகிறது என்று அளப்பது சார்ந்த மாறி. இது உங்களுக்கும் தெரியும். சிக்கல் எங்கே என்றால், ஒன்றை மாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு கூடவே நாலைந்தை மாற்றிவிடுகிறோம். உங்கள் தலைப்புக்கு ரொம்ப நெருக்கமான ஒரு கதை இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1993-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எர்வைன் வளாகத்தில் ஃபிரான்சிஸ் ரௌஷர், கோர்டன் ஷா, கேத்தரின் கை மூவரும் 36 மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒவ்வொரு மாணவரும் மூன்று நிலைகளில் பத்துப் பத்து நிமிடம் இருந்தார்: இரண்டு பியானோக்களுக்காக மொஸார்ட் எழுதிய சொனாட்டா, உடம்பைத் தளர்த்திக்கொள்ளச் சொல்லும் ஒலிப்பதிவு, வெறும் அமைதி. ஒவ்வொன்றும் முடிந்த கையோடு இடம்சார் அறிவைச் (வடிவங்களை மனசுக்குள் மடித்தும் திருப்பியும் பார்க்கும் திறனைச்) சோதிக்கும் கணக்குகள். நுண்ணறிவு ஈவாக (ஐ.க்யூ.) மாற்றிப் பார்த்தபோது மொஸார்ட்டுக்குப் பிறகு 119, தளர்வுக்குப் பிறகு 111, அமைதிக்குப் பிறகு 110. பலன் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை என்று அவர்களே எழுதினார்கள். 'நேச்சர்' இதழில் ஒரே பக்கத்தில் வந்த கட்டுரை. வெளியே போனதும் அது 'மொஸார்ட் கேட்டால் குழந்தை புத்திசாலியாகும்' என்று ஆகிவிட்டது. மாணவர்கள் குழந்தைகளானதும், பதினைந்து நிமிடம் ஆயுள் முழுக்க ஆனதும் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் செல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் ஒதுக்கக் கேட்டார்.

சோதனையில் மாறியது இசை மட்டும்தானா? பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தவர்களையோ, தளர்ந்து கிட என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களையோ நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குத் தூக்கம் வந்திருக்கும், சலித்திருக்கும். மொஸார்ட் கேட்டவர்கள் விழிப்பாக, கொஞ்சம் உற்சாகமாக இருந்திருப்பார்கள். அப்படியானால் வித்தியாசம் இசையால் வந்ததா, விழிப்பால் வந்ததா? இசையோடு ஒட்டிக்கொண்டு சேர்ந்தே மாறிய இந்த விழிப்பைத்தான் குழப்பும் மாறி என்கிறோம். இதைப் பிரித்துப் பார்க்க அடுத்தடுத்து சோதனைகள் வந்தன. நாண்டேயும் ஷெல்லன்பெர்க்கும் 1999-இல் அமைதிக்குப் பதிலாக ஒரு கதையை வாசித்துக் காட்டும் ஒலிப்பதிவைப் போட்டார்கள். மொஸார்ட்டின் அனுகூலம் காணாமல் போனது. யாருக்கு எது பிடித்ததோ அதைக் கேட்டபிறகு அவர் நன்றாகச் செய்தார். 2001-இல் தாம்ப்சன், ஷெல்லன்பெர்க், ஹுசைன் மூவரும் மொஸார்ட்டின் துள்ளலான சொனாட்டாவோடு சோகமான, மெதுவான அடாஜியோ ஒன்றையும் வைத்தார்கள். மொஸார்ட்டில் பலன் தெரிந்தது, அடாஜியோவில் இல்லை. பங்கேற்றவர்களின் விழிப்பையும் மனநிலையையும் கணக்கில் எடுத்துக் கழித்ததும் மொஸார்ட்டின் பலனும் போய்விட்டது. 1993 சோதனை மோசமாகச் செய்யப்பட்டதென்று நான் சொல்லவில்லை. ஒரே ஆளை மூன்று நிலையிலும் சோதித்தது நல்ல முறைதான். ஒப்பிடுவதற்கு எடுத்த நிலைதான் வலுவில்லாதது. கட்டுப்பாட்டு நிலையில் உள்ளவர் 'ஒன்றும் செய்யாமல்' இருக்கிறார் என்றால், அங்கே ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

இனி உங்கள் சோதனை. ஒலி இல்லாத குழுவும் ஹெட்போன் மாட்டவேண்டும் என்று மேலே எழுதியது இதனால்தான். இல்லாவிட்டால் பாட்டு, ஹெட்போன் இரண்டும் சேர்ந்து மாறும். முடிந்தால் மூன்றாவதாக, அதே மெட்டின் குரலில்லாத வடிவத்தையும் ஒரு நிலையாக வையுங்கள், குரல்தான் காரணமா என்று பார்க்கலாம். ஒலி அளவை எல்லோருக்கும் ஒரே இடத்தில் நிறுத்துங்கள். பிடித்த பாட்டை அவரவரே தேர்ந்தெடுக்கலாம் என்று விட்டால் பாட்டு மாறும், பழக்கம் மாறும், கூடவே பாடத் தோன்றுவதும் மாறும். அப்புறம் சொற்பட்டியல். 'மழை', 'நாற்காலி' போலக் கண்ணுக்குள் படமாக வரும் சொற்கள், 'நியாயம்', 'தன்மை' போன்றவற்றைவிட எளிதாக நினைவில் நிற்கும். பட்டியலின் முதலில் வருபவையும், உடனே கேட்டால் கடைசியில் வருபவையும், நடுவில் உள்ளவற்றைவிட நன்றாக நிற்கும். இரண்டும் திரும்பத் திரும்ப உறுதியான விஷயங்கள். அதனால் எல்லாமே ஒரே மாதிரி சொற்களாக, ஏறக்குறைய ஒரே நீளத்தில் எடுத்து, ஆளுக்கு ஆள் வரிசையைக் கலைத்துவிடுங்கள்.

யார் எந்தக் குழு என்பதைச் சமவாய்ப்பு முறையில் பிரிக்க வேண்டும். மாணவர்கள் இந்தச் சொல்லை ஆய்வேட்டில் எழுதிவிட்டு, நடைமுறையில் முதலில் வந்த இருபது பேரைப் பாட்டுக் குழுவிலும் அடுத்த இருபது பேரை அமைதிக் குழுவிலும் போடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் வந்து நிற்பவர்கள் ஹாஸ்டலில் தூங்கி எழுந்து வந்தவர்கள். பின்னால் வருபவர்கள் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்கள். ரிசல்ட்டில் வருவது பாட்டின் வித்தியாசமா, பஸ்ஸின் வித்தியாசமா? சீட்டுக் குலுக்குங்கள், அல்லது கணினியில் எண்களை உருவாக்கி வரிசையை முன்பே அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். சமவாய்ப்பின் பெரிய பலம் என்னவென்றால், நீங்கள் யோசிக்காத மாறிகளையும் அது இரு பக்கமும் பரப்பிவிடும். சின்னக் குழுவில் சில சமயம் அது சரியாகப் பரவாமலும் போகும், அதையும் மறுக்கமாட்டேன். அதற்குப் பயந்தால் ஒரே ஆளை இரண்டு நிலையிலும் சோதியுங்கள். அப்போது பாதிப்பேர் பாட்டில் தொடங்கி அமைதிக்கும், மீதிப்பேர் அமைதியில் தொடங்கிப் பாட்டுக்கும் போகவேண்டும். சொற்பட்டியலும் இரண்டு வேண்டும், அதையும் மாற்றி மாற்றிக் கொடுக்கவேண்டும். ஆக மொத்தம் நான்கு ஏற்பாடுகள் வரும்.

மூன்றாவது, பக்கச்சார்பு. ஹான்ஸ் என்ற குதிரை காலைத் தட்டி விடை சொல்லிக் கணக்குப் போட்ட கதை எல்லா பாடப்புத்தகத்திலும் இருப்பதால் அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. அதில் பலரும் விட்டுவிடுகிற ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன். கேள்வி கேட்பவரின் தலை, உடம்பின் மிக நுண்ணிய அசைவைப் பார்த்துத்தான் குதிரை காலைத் தட்டுவதை நிறுத்துகிறது என்று கண்டுபிடித்தவர் ஆஸ்கார் ஃபுங்ஸ்ட், 1907-இல் வெளியிட்டார். அதைத் தெரிந்துகொண்ட பிறகும், தான் கேள்வி கேட்கும்போது அந்த அசைவைத் தன்னாலேயே அடக்க முடியவில்லை என்று அவர் பதிவு செய்திருக்கிறார். 'நான் நியாயமாக நடந்துகொள்வேன்' என்ற உறுதிமொழி ஏன் போதாது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம். ஏற்பாட்டில்தான் தடுக்க வேண்டும், மனஉறுதியால் முடியாது.

இதை இன்னும் கூர்மையாகக் காட்டிய ஒரு ஜோடி ஆய்வுகள் உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஜான் பார்க், மார்க் சென், லாரா பரோஸ் மூவரும் 1996-இல் வெளியிட்டது முதலாவது. கலைந்து கிடக்கும் சொற்களை வாக்கியமாக அடுக்கும் வேலையை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழுவின் தாளில் முதுமையை நினைவூட்டும் சொற்கள் கலந்திருந்தன: நரை, சுருக்கம், தனிமை இப்படி. 'மெதுவாக' என்ற அர்த்தத்தில் எந்தச் சொல்லும் இல்லை. வேலை முடிந்து வெளியே வரும்போது, நடைபாதையில் கிட்டத்தட்ட பத்து மீட்டர் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர்களுக்குத் தெரியாமல் அளந்தார்கள். முதுமைச் சொற்களைப் பார்த்தவர்கள் சுமார் ஒரு விநாடி மெதுவாக நடந்தார்கள். பல வருடம் வகுப்புகளில் வியப்போடு சொல்லப்பட்ட சோதனை இது.

2012-இல் பிரஸ்ஸல்ஸில் ஸ்டெஃபான் துவாயேனும் அவர் குழுவும் இதைத் திரும்பச் செய்தார்கள். இந்த முறை 120 பேர், ஸ்டாப்வாட்சுக்குப் பதில் அகச்சிவப்பு உணரிகள். நடை வேகத்தில் வித்தியாசம் கிடைக்கவில்லை. அங்கே நிறுத்தியிருந்தால் இன்னொரு தோற்றுப்போன மறுசோதனை, அவ்வளவுதான். அவர்கள் அடுத்துச் செய்ததுதான் அழகு. பத்துப் பேரைச் சோதனை நடத்துபவர்களாக எடுத்தார்கள். அதில் பாதிப்பேரை, இந்தத் தாளைச் செய்தவர்கள் மெதுவாக நடப்பார்கள் என்று நம்ப வைத்தார்கள். மீதிப்பேரை, வேகமாக நடப்பார்கள் என்று நம்ப வைத்தார்கள். அளப்பது உணரி, அது பொய் சொல்லாது. முதுமைச் சொற்களைப் பார்த்தவர்களில், மெதுவாக நடப்பார்கள் என்று நம்பிய நடத்துநர்களிடம் வந்தவர்கள் மட்டும் நிஜமாகவே மெதுவாக நடந்தார்கள். நடத்துபவரின் எதிர்பார்ப்பு கடிகாரத்தைத் தப்பாக அமுக்கவைப்பது ஒரு விதம். இங்கே அது பங்கேற்பவரின் கால் வரைக்கும் போயிருக்கிறது. குரலிலா, முகத்திலா, தாளை நீட்டிய விதத்திலா என்று அந்தச் சோதனை பிரித்துச் சொல்லவில்லை. முதல் ஆய்வின் நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும்: தங்கள் சோதனையில் நடத்தியவர்களுக்கும் அளந்தவர்களுக்கும் யார் எந்தக் குழு என்று தெரியாது என்பது பார்க்கின் வாதம், மறுசோதனையை அவர் கடுமையாக எதிர்த்தார். துவாயேன் குழுவும் சொற்களுக்குப் பங்கே இல்லை என்று முடிக்கவில்லை. சொற்களும் எதிர்பார்ப்பும் சேர்ந்து வேலை செய்திருக்கலாம் என்றுதான் எழுதினார்கள்.

உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், பங்கேற்பவரோடு பேசுவது நீங்களாக இருக்கக்கூடாது. குறைந்தது, அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒலிக் கோப்புகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர் வைத்து, எது எது என்பதை நண்பர் ஒருவர் மட்டும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். அறிவுறுத்தல்களை வாயால் சொல்லாமல் தாளில் கொடுங்கள். மதிப்பெண் போடும் இடத்திலும் கவனம் வேண்டும். பட்டியலில் 'பறவை' என்று இருந்து ஒருவர் 'பறவைகள்' என்று எழுதியிருக்கிறார், சரியா தப்பா? 'கிணறு' என்பதைக் 'கிணரு' என்று எழுதியிருக்கிறார்? 'வீதி'க்குப் பதில் 'தெரு'? எந்தக் குழுவின் தாள் என்று தெரிந்திருந்தால், உங்களை அறியாமலேயே ஒரு பக்கம் தாராளமாகவும் இன்னொரு பக்கம் கறாராகவும் போடுவீர்கள். நாற்பது தாளில் இப்படி ஆளுக்கு ஒரு சொல் நகர்ந்தாலே போதும், உங்கள் 0.05 வந்துவிடக்கூடும். பன்மைக்கு மார்க் உண்டா, எழுத்துப்பிழைக்கு உண்டா, ஒத்த பொருளுக்கு உண்டா என்று முன்பே எழுதி வைத்துவிட்டு, எண் மட்டும் போட்ட தாள்களை, ஆய்வு எதைப் பற்றி என்றே தெரியாத ஒருவரிடம் திருத்தக் கொடுங்கள்.

பங்கேற்பவர்கள் பக்கமும் ஒரு சாய்வு உண்டு. மார்ட்டின் ஓர்ன் 1962-இல் இதை எழுதினார். யாரும் செய்ய மறுக்கும் அளவுக்கு அர்த்தமில்லாத வேலை ஒன்றைத் தேடினார். ஒரு தாளில் 224 கூட்டல் கணக்குகள், அப்படி 2,000 தாள்களை முன்னால் வைத்து, செய்துகொண்டிருங்கள் வருகிறேன் என்று சொல்லிப் போனார்கள். ஐந்தரை மணி நேரம் கழித்து, நடத்தியவர்தான் விட்டுக்கொடுத்தார். அடுத்து, செய்து முடித்த ஒவ்வொரு தாளையும் 32 துண்டாகவாவது கிழித்துப் போடச் சொன்னார்கள். அதையும் மணிக்கணக்கில் செய்தார்கள். 'ஆய்வு' என்ற ஒரு சொல்லுக்காக மனிதர்கள் இவ்வளவு ஒத்துழைப்பார்கள் என்றால், சீனியர் வந்து கேட்கிறாரே என்று உட்காரும் ஜூனியர் மாணவர் எவ்வளவு ஒத்துழைப்பார்? இசை பற்றிய ஆய்வு என்று ஒப்புதல் படிவத்திலேயே தலைப்பாகப் போட்டால் வந்து உட்காரும் முன்பே அவருக்கு உங்கள் ஆசை தெரிந்துவிடும். 'வெவ்வேறு சூழலில் சொற்களை நினைவில் வைத்தல்' என்று பொதுவாகப் போடுங்கள். பொய்யும் இல்லை, குட்டு வெளிப்படவும் இல்லை. எல்லாம் முடிந்தபின் 'இது எதைப் பற்றியது என்று நினைத்தீர்கள்?' என்று எழுதி வாங்குங்கள். சரியாக ஊகித்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்க அது உதவும். முழு விவரத்தையும் அதன்பிறகு சொல்லிவிட வேண்டும். எதை எவ்வளவு மறைக்கலாம் என்பது உங்கள் துறையின் நெறிமுறைக் குழு சொல்லவேண்டியது. அதில் என் வார்த்தையை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, எல்லாம் முடிந்து டேட்டாவோடு நீங்கள் தனியாக உட்காரும் இடம். என் அனுபவத்தில் ஆசை அதிகமாக வேலை செய்வது இங்கேதான். சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் மூவரும் 2011-இல் செய்துகாட்டியது இந்தத் துறையையே உலுக்கியது. ஒரு பீட்டில்ஸ் பாட்டைக் கேட்டவர்களின் வயது, வேறு பாட்டைக் கேட்டவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை வருடம் குறைந்தது என்று புள்ளியியல்படி காட்டினார்கள். இளமையாக உணர்ந்தார்கள் என்பதில்லை, பிறந்த தேதிப்படியான வயதே குறைந்தது! எந்தப் பொய்யும் சொல்லவில்லை. நிறைய அளவைகள் எடுத்து, பொருந்துவதை மட்டும் எழுதினார்கள். அவ்வப்போது கணக்குப் போட்டுப் பார்த்து, ரிசல்ட் வந்ததும் ஆள் சேர்ப்பதை நிறுத்தினார்கள். எந்த மாறியைக் கழிப்பது என்பதையும் பார்த்துவிட்டுத்தான் தீர்மானித்தார்கள். இப்படி நான்கு சலுகைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டால், உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் 'வித்தியாசம் உண்டு' என்று வருவதற்கான வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 60.7 சதவீதத்துக்கு ஏறும் என்று கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதில் ஒவ்வொரு சலுகையும் 'சரி, இந்த ஒருத்தர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார், எடுத்துவிடலாம்' என்கிற அளவுக்குச் சாதாரணமானது.

இதற்கு மருந்து, கருதுகோளையும் அளவையையும் ஆள் எண்ணிக்கையையும், யாரை எந்தக் காரணத்துக்காக நீக்குவீர்கள் என்பதையும், எந்தப் புள்ளியியல் சோதனை என்பதையும் டேட்டா எடுப்பதற்கு முன் எழுதித் தேதியோடு பூட்டிவிடுவது. இதைச் சில இதழ்கள் இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், திட்டத்தைப் பார்த்தே ஏற்றுக்கொள்கின்றன, ரிசல்ட் எப்படி வந்தாலும் வெளியிடுகின்றன. அப்படி வெளிவந்த 71 ஆய்வுகளையும் வழக்கமான முறையில் வந்த 152 ஆய்வுகளையும் ஆன் ஷீலும் உடன் ஆய்வாளர்களும் 2021-இல் ஒப்பிட்டார்கள். வழக்கமானவற்றில் 96 சதவீதம் தங்கள் முதல் கருதுகோளுக்கு ஆதரவான முடிவைச் சொன்னன. திட்டத்தை இப்படி முன்பதிவு செய்தவற்றில் 44 சதவீதம்தான். இந்த இடைவெளி முழுவதும் பக்கச்சார்பு என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் சந்தேகமான கருதுகோள்களைத்தான் மக்கள் முன்பதிவுக்குக் கொண்டுபோகிறார்கள் என்றும் இருக்கலாம். ஆனால் 96 சதவீதம் நம்பக்கூடிய எண்ணே இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. உங்களுக்கு இதழெல்லாம் வேண்டாம். இரண்டு பக்கம் எழுதி, கைடுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தேதி அதிலேயே பதிவாகிவிடும்.

இதில் எது உறுதி, எது கொஞ்சம் ஆடுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். சமவாய்ப்புப் பிரிப்பு, நிலை தெரியாமல் அளப்பது, முன்பே எழுதி வைப்பது இவை பலன் தருமா என்பதில் பெரிய விவாதம் இல்லை. நடத்துபவரின் எதிர்பார்ப்பு ரிசல்ட்டை மாற்றக்கூடும் என்பதும் உறுதி. எவ்வளவு மாற்றும் என்பது உறுதியில்லை. சோதனைக்குச் சோதனை வேறுபடும். ஆசிரியரின் எதிர்பார்ப்பே குழந்தைகளின் நுண்ணறிவு ஈவை உயர்த்தும் என்று ரோசந்தாலும் ஜேக்கப்சனும் 1968-இல் சொன்னதை, அதே வருடமே ராபர்ட் தோர்ன்டைக் அளவைகளே சரியில்லை என்று விமர்சித்தார். விளைவு இருந்தாலும் பெரும்பாலும் சிறியது என்பதுதான் பின்னால் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்வது. பங்கேற்பவர்கள் எப்போதும் ஆய்வாளருக்கு ஒத்துப்போவார்கள் என்பதும் பொது விதி இல்லை, எரிச்சலில் எதிராகச் செய்பவர்களும் உண்டு. மொஸார்ட் விஷயத்தில், பியெட்ஷ்னிக்கும் அவர் குழுவும் 2010-இல் சுமார் நாற்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அமைதியோடு ஒப்பிட்டால் சின்னப் பலன் தெரிந்தது. ஆனால் வேறு இசை கேட்டாலும் ஏறக்குறைய அதே அளவு பலன்தான். இன்னொன்றும் கண்டார்கள்: ரௌஷரோடு தொடர்புள்ள ஆய்வகங்களிலிருந்து வந்த ஆய்வுகளில் பலன் மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. அதற்கு எதிர்பார்ப்பு காரணமா, அவர்களின் செய்முறைத் திறமை காரணமா என்று அந்தத் தொகுப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

மார்க் பற்றிய கேள்விக்கு வருகிறேன். வித்தியாசம் இல்லை என்று வந்தால் அதை அப்படியே எழுதலாம், நல்ல தேர்வாளர் அதற்காக மார்க்கைக் குறைக்கமாட்டார். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. குழுவுக்குப் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு 'வித்தியாசம் இல்லை' என்றால், நிஜமாக இல்லையா அல்லது உங்களுக்குத் தெரியவில்லையா என்று அவர் கேட்பார், உங்களிடம் பதில் இருக்காது. நடுத்தர அளவிலான வித்தியாசத்தை, அதாவது திட்டவிலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவில்) பாதியை, நூற்றுக்கு எண்பது தடவை பிடிக்கவேண்டுமானால் குழுவுக்கு 64 பேர் தேவை. சிறிய வித்தியாசம் என்றால், திட்டவிலக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு, குழுவுக்கு ஏறக்குறைய 400 பேர். அது ஒரு மாணவரால் ஆகிற காரியம் இல்லை. ஒரே ஆளை இரண்டு நிலையிலும் சோதித்தால் இந்த எண்ணிக்கை நன்றாகக் குறையும். உங்கள் கால அவகாசத்துக்கு அதைத்தான் சிபாரிசு செய்வேன். எத்தனை பேர் என்று முடிவு செய்ததற்கான காரணத்தை முறையியல் அத்தியாயத்தில் ஒரு பத்தியாக எழுதிவிடுங்கள்.

முதலில் நாலைந்து நண்பர்களை வைத்து ஒத்திகை பாருங்கள். இருபது சொல் சுலபமாகிவிட்டால் எல்லோரும் இருபதும் எழுதிவிடுவார்கள், அப்புறம் எந்த வித்தியாசமும் தெரியாது. அப்படியானால் முப்பதாக்குங்கள். அந்த நண்பர்களின் தாள்களைக் கடைசிக் கணக்கில் சேர்க்காதீர்கள். திருத்திய கருதுகோளை எழுதிவிட்டு இங்கேயே போடுங்கள், எந்த ரிசல்ட் வந்தால் கைவிடுவீர்கள் என்ற வரியையும் சேர்த்து. பார்த்துச் சொல்கிறேன்.